பள்ளிக்கு வந்த பல் மருத்துவம்

'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்பது நம் முன்னோர் மொழி. நொறுங்கத் தின்பதற்கு நல்ல பல் வேண்டும். பல் நோவுற்ற குழந்தை மென்று உண்ணாது, இரவில் உறங்காது, வகுப்பில் அமர்ந்திருப்பினும் பாடம் அதன் செவியில் ஏறாது. நாளடைவில் உடல் மெலியும், கல்வியும் தளரும். சீழ் பரவினால் முகம் வீங்கிக் காய்ச்சலும் வரும். ஆதலின், பல்நோய் உடல்நோயே என்று கொள்ளல் வேண்டும்.

சொத்தை எவ்வாறு உண்டாகிறது? பல்லின்மேல் படியும் படலத்தில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நாம் உண்ணும் சர்க்கரையை அவை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் எனாமலைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. குழி ஆழ்ந்து உள்ளிருக்கும் நரம்பை நெருங்கும் பொழுதே பெரும்பாலும் கடும் வலி தோன்றுகிறது. வலி வருமுன் குழந்தையின் வாயைப் பார்ப்பவர் யார் என்பதே வினா.

இவ்வினாவிற்குத் துணிவான விடை கண்ட நாடு நியூசிலாந்து. முதல் உலகப் போரின்பொழுது படையிற் சேர வந்த இளைஞர் பலருடைய பற்கள் பழுதுற்றிருக்கக் கண்டு அந்நாட்டார் திடுக்கிட்டனர். படையின் பல் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய தாமஸ் ஹண்டர், இக்கேட்டைக் குழந்தைப் பருவத்திலேயே தடுக்க எண்ணினார். ஆனால், பள்ளிதோறும் அனுப்பப் போதிய மருத்துவர் இல்லை. ஆகவே 1921-ஆம் ஆண்டில் வெல்லிங்டன் நகரில் இளம்பெண்களுக்கு ஈராண்டுப் பயிற்சி தொடங்கப்பெற்றது. பயிற்சி முடித்த செவிலியர் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைச் சோதித்தனர்; சொத்தையை அடைத்தனர்; பல் காக்கும் முறையையும் கற்பித்தனர். மருத்துவரல்லாதார் இப்பணி செய்யலாமோ என்று ஐயுற்றோரும் உண்டு. எனினும் முறை நிலைபெற்றது. 1949-ல் மலாயாவின் பினாங்கிலும் இத்தகைய பயிற்சிப் பள்ளி தோன்றியது.

குறையும் இல்லாமற் போகவில்லை. காலால் மிதித்து இயக்கிய துளைக்கருவியை அஞ்சிய பிள்ளைகள் அச்சிகிச்சைக் கூடத்தைக் 'கொலைக்கூடம்' என்றே அழைத்தனர்! அடைக்க அடைக்கப் புதிய சொத்தைகள் தோன்றிக்கொண்டும் இருந்தன. சிகிச்சையுடன் தடுப்பும் வேண்டும் என்பது இதனாற் புலனாயிற்று. 1954-ல் ஹேஸ்டிங்ஸ் நகரத்துக் குடிநீரில் புளோரைடு சேர்க்கப்பெற்றது. பின்னர்ப் புளோரைடு கலந்த பற்பசையும் பரவியது. சொத்தை பெரிதும் குறைந்தது. இன்று அந்நாட்டில் பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு அடிப்படைப் பல் மருத்துவம் இலவசம். ஆயினும் மாவோரி இனத்துக் குழந்தைகளிடையே சொத்தை இன்றும் மிகுதி. கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது. வறுமை, தொலைவு முதலிய தடைகளும் நீங்குதல் வேண்டும்.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? மருத்துவம் குழந்தையை நாடிச் செல்லல் வேண்டும். வலிக்கு முன்னரே செல்லல் வேண்டும். அஃது அரசின் கடமை. நும் கடமையும் ஒன்றுண்டு. ஆறு வயதளவில், பாற்பல் எதுவும் விழாமலே, கடைவாயில் நிலைப்பல் ஒன்று முளைக்கும். அதனையும் பாற்பல் என்றெண்ணிப் பலர் புறக்கணிக்கின்றனர். அஃது அழிந்தால் மீண்டும் முளையாது. இன்றிரவு நும் தம்பி தங்கையர் படுக்குமுன், புளோரைடு பற்பசையால் அப்பல்லையும் துலக்கச் செய்யுங்கள்.