பழைய கைத்துப்பாக்கி விலை மதிப்பீடு

பழைய கைத்துப்பாக்கி விலை மதிப்பீடு என்பது முன்னர் ஒருவர் பயன்படுத்திய, அல்லது உறுப்புகள் மாற்றப்பட்ட கைத்துப்பாக்கிக்கு நியாயமான விலையைக் கணிக்கும் முறை ஆகும். கைத்துப்பாக்கிகளைக் குடிமக்கள் பெருமளவில் வாங்கி விற்கும் ஐக்கிய அமெரிக்காவில் இம்முறை நன்கு வளர்ந்துள்ளது. இங்கு மதிப்பீட்டில் நேரும் பிழை பண இழப்போடு நிற்பதில்லை. பழுதான துப்பாக்கி சுடுபவரையே காயப்படுத்தக்கூடும்.

நிலைத் தரங்கள்

அமெரிக்கத் தேசிய ரைபிள் சங்கத்தின் தர வரிசை பரவலாகப் பின்பற்றப்படுகிறது. இதில் "மிக நன்று" எனப்படுவது செம்மையாக இயங்கி, சிறு கீறல்களை மட்டும் கொண்டது. "நன்று" எனப்படுவது பாதுகாப்பாக இயங்கும், சிறிது தேய்ந்த, உடைந்த உறுப்புகள் அற்ற துப்பாக்கி. "சுமார்" எனப்படுவது பாதுகாப்பாக இயங்கினும் நன்கு தேய்ந்து, சிறு உறுப்புகளை மாற்ற வேண்டிய நிலையில் இருப்பது. "புளூ புக் ஆஃப் கன் வேல்யூஸ்" என்னும் விலை நூல், எஞ்சியிருக்கும் மூலப் பூச்சின் விழுக்காட்டைக் கொண்டு விலையைப் பிரித்துத் தருகிறது.

தரம் விலையை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்கு 2018ஆம் ஆண்டு விற்பனை ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்கப் படையின் பழைய எம்1911 துப்பாக்கிகளைக் குடிமக்கள் குறிசுடுதல் திட்டம் அவ்வாண்டு மூன்று தரங்களாகப் பிரித்து 1050, 950, 850 டாலர் என விலையிட்டது.

மாற்றங்களின் விளைவு

உரிமையாளர் செய்த செலவு விற்பனை விலையில் முழுமையாகத் திரும்புவதில்லை. விசையை இலகுவாக்குதல், குறிகாட்டிகளை மாற்றுதல் முதலியன ஒருவரது விருப்பத்துக்கு ஏற்றவை. அடுத்தவருக்கு அவை தேவைப்படாமல் இருக்கலாம். கழற்றப்பட்ட மூல உறுப்புகளும் உடன் கிடைத்தால் மதிப்புக் குறைவு தணியும்.

சேகரிப்பாளர் நாடும் துப்பாக்கிகளில் மாற்றம் பெருங்கேடாகும். தையல் இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற சிங்கர் நிறுவனம் 500 எம்1911ஏ1 துப்பாக்கிகளை மட்டுமே செய்தது. இத்தகைய அரியவற்றுக்கு மீண்டும் நீலப்பூச்சு இட்டால், பார்வைக்குப் புதிதாகத் தோன்றினும் மதிப்பு பெரிதும் வீழும். மழுங்கிய விளிம்புகளும், மங்கிய முத்திரை எழுத்துகளும், அகன்று குழிந்த திருகுத் துளைகளும் மறுபூச்சின் அடையாளங்கள். லூகர் துப்பாக்கியில் உறுப்புகளின் எண்கள் ஒத்திருத்தலும் விலையைத் தீர்மானிக்கும்.

மாறாக, காவல் துறைகள் கைவிட்ட துப்பாக்கிகளில் உறையில் உராய்ந்த தேய்மானம் வெளியே மிகுந்திருப்பினும், அவை பெரும்பாலும் குறைவாகவே சுடப்பட்டவை. பயன்பாட்டுக்கு வாங்குவோருக்கு அவை மலிவானவை.

ஆய்வு

முதலில் துப்பாக்கி வெறுமையாக உள்ளதா என்று உறுதி செய்தல் வேண்டும். பின்னர் குழலின் உட்புறத்தில் அரிப்பு, வீக்கம் ஆகியவற்றையும், சட்டகத்தில் விரிசலையும் பார்த்தல் வேண்டும். சுழல் துப்பாக்கியில் ஒவ்வோர் அறையும் குழலுக்கு நேரே வந்து உறுதியாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். தேறாதவர் ஆக்கிய விசை மாற்றம் தானாகச் சுடுவதற்கு இடமளிக்கலாம் என்பதால், துப்பாக்கிக் கம்மியர் ஒருவரிடம் காட்டுதல் நன்று.

விலை கணித்தல்

விற்பவர் கேட்கும் விலை சந்தை விலை ஆகாது. ஏலங்களில் உண்மையில் விற்று முடிந்த விலைகளே சான்று. எடுத்துக்காட்டாக, புதியது 800 டாலராக இருக்கையில் பழையதற்கு 700 டாலர் கேட்கப்படுவதாகக் கொள்வோம். மாற்றுக் கட்டணம் 40, பழுது நீக்கம் 150 எனில், மொத்தம் 890 டாலர். எனவே அது மலிவன்று. உற்பத்தி நின்றால் விலை ஏறுவதும் உண்டு. கோல்ட் பைத்தான் அவ்வாறு ஏறியது. எனினும் 2020இல் அது மீண்டும் உற்பத்திக்கு வந்தது.

சட்டம்

1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் புதிதாக ஆக்கப்படும் துப்பாக்கிகளுக்குத் தொடரெண்ணைக் கட்டாயமாக்கியது. வேறு மாநிலத்தவரிடம் கைத்துப்பாக்கி வாங்குவோர் தம் மாநில உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே பெறுதல் வேண்டும். அவ்வணிகர் வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்ப்பார். தொடரெண் அழிக்கப்பட்ட துப்பாக்கியை வைத்திருத்தல் குற்றமாகும். எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் அதற்கு நியாயமான விலை என்று ஒன்று இல்லை.