சீருடையும் இலக்குக் கம்பமும்: பீட்டர் தங்கராஜின் கால்பந்து வாழ்வில் படைப்பிரிவு அணியின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

இந்தியக் கால்பந்தின் சிறந்த இலக்குக் காவலர்களுள் ஒருவராகப் போற்றப்படுபவர் பீட்டர் தங்கராஜ் (1935–2008). அவர் பெயர் பெரும்பாலும் கொல்கத்தாவின் பெருங்கழகங்களோடு இணைத்தே நினைக்கப்படுகிறது. ஆனால் அவரை ஆட்டக்காரராக உருவாக்கியது நீலகிரி மாவட்டம் வெல்லிங்டனில் அமைந்த மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியாகும். இராணுவப் பணி அவரது விளையாட்டு வாழ்வின் துணைச்செய்தி அன்று. அவ்வாழ்வு அமைவதற்கான அடிப்படையே அதுதான் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: கால்பந்து, மதராஸ் ரெஜிமென்ட், டூரண்ட் கோப்பை, சர்வீசஸ் அணி, பணிசார் விளையாட்டு.

முன்னுரை

இந்தியாவில் தேசிய அளவிலான கால்பந்து லீக் 1996ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. அதற்கு முன்னர் லீக் ஆட்டம் என்பது நகரம் அல்லது மாநிலம் சார்ந்ததாகவே இருந்தது. அவற்றுள் கொல்கத்தா லீக் தலைமையிடம் பெற்றிருந்தது. அதில் இடம்பெறாத ஓர் ஆட்டக்காரர் நாடறியப்பட வேண்டுமெனில் டூரண்ட் கோப்பை, சந்தோஷ் கோப்பை போன்ற போட்டித் தொடர்களே வழியாயின. அத்தொடர்களில் பங்கேற்க ஓர் அணியும், அணியில் நிலைக்க ஒரு வேலையும் தேவைப்பட்டன. இவ்விரண்டையும் ஒருங்கே அளித்தவை இரயில்வே, காவல்துறை, இராணுவம் ஆகிய துறைகள். தங்கராஜின் சமகாலத்தவரான பி. கே. பானர்ஜி கிழக்கு இரயில்வே அணிக்காக ஆடியதையும், ஐதராபாத் நகரக் காவல்துறை அணியிலிருந்து பலர் இந்திய அணிக்குச் சென்றதையும் இப்பின்னணியில் நோக்க வேண்டும்.

செகந்தராபாத்திலிருந்து வெல்லிங்டனுக்கு

தங்கராஜ் 1935ஆம் ஆண்டு அன்றைய ஐதராபாத் சமஸ்தானத்தில் பிறந்தார். இரட்டை நகரமான செகந்தராபாத் ஒரு பெரும் இராணுவக் குடியிருப்பு. சென்னை இராணுவத்தின் தொடர்பால் தமிழ் பேசும் குடும்பங்கள் பல அங்கு வேரூன்றியிருந்தன. அந்நகரின் மார்னிங் ஸ்டார், ஃபிரெண்ட்ஸ் யூனியன் ஆகிய உள்ளூர்க் கழகங்களில் தங்கராஜ் தமது ஆட்டத்தைத் தொடங்கினார்.

1953ஆம் ஆண்டு அவர் இந்திய இராணுவத்தில் சேர்ந்து மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் இடம்பெற்றார். 1758ஆம் ஆண்டில் தன் தோற்றத்தைக் காணும் மதராஸ் ரெஜிமென்ட், இந்திய இராணுவத்தின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவுகளுள் ஒன்று. அதன் பயிற்சி மையம் குன்னூரை அடுத்த வெல்லிங்டனில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் உள்ளது.

தொடக்கத்தில் தங்கராஜ் மைய முன்கள வீரராகவே ஆடினார். படைப்பிரிவு அணியில்தான் அவர் இலக்குக் காவலராக மாறினார். பெருங்கழகம் தனக்குத் தேவையான காவலரை வெளியிலிருந்து அழைத்துக்கொள்ள முடியும். படைப்பிரிவு அணியோ தன்னிடம் பணியாற்றுவோரைக் கொண்டே பதினொருவரையும் நிரப்பியாக வேண்டும். ஆறடிக்கு மேற்பட்ட உயரமுடைய ஒருவர் இலக்கின் முன் நிறுத்தப்பட்டதை இந்த அமைப்பியல் தேவையோடு பொருத்திக் காண இடமுண்டு.

டூரண்ட் கோப்பையும் சீருடை அணிகளும்

1888ஆம் ஆண்டு சிம்லாவில் தொடங்கப்பட்ட டூரண்ட் கோப்பை, முதலில் பிரித்தானியப் படையினருக்கான போட்டியாக விளங்கியது. 1940ஆம் ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் வென்ற பின்னரே அது இந்தியக் கழகம் ஒன்றின் கைக்கு வந்தது. விடுதலைக்குப் பின் 1950 முதல் 1958 வரை நடைபெற்ற ஒன்பது போட்டிகளில் ஐந்தைச் சீருடை அணிகளே வென்றன. ஐதராபாத் நகரக் காவல்துறை 1950, 1954, 1957 ஆகிய ஆண்டுகளிலும், மதராஸ் ரெஜிமென்ட் மையம் 1955, 1958 ஆகிய ஆண்டுகளிலும் வாகை சூடின.

மதராஸ் ரெஜிமென்ட் மையம் 1955இல் இந்திய விமானப்படையையும், 1958இல் கூர்க்கா பிரிகேடையும் இறுதி ஆட்டத்தில் வீழ்த்தியது. இரு இறுதி ஆட்டங்களிலும் இரு பக்கமும் நின்றவை படை அணிகளே. இவ்வெற்றிகளை ஒரு தனிமனிதரின் திறமையால் மட்டும் விளக்க இயலாது. மாதச் சம்பளம், உணவு, உடற்பயிற்சி, ஒரே இடத்தில் தங்கி நாள்தோறும் இணைந்து ஆடும் வாய்ப்பு ஆகியவை படைப்பிரிவுக்கு இயல்பாகவே வாய்த்தன. தொழில்முறை ஒப்பந்தம் முறையாக வேரூன்றாத காலத்தில் இவை பெரும் வலிமையாயின.

தேசிய அணியும் கொல்கத்தாவும்

படைப்பிரிவு அணியில் இருந்த காலத்திலேயே தங்கராஜ் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் போட்டிக்கான இந்திய அணியில் இடம்பெற்றார். இந்தியா நான்காம் இடம் பெற்ற ஒலிம்பிக் அது. 1958ஆம் ஆண்டு ஆசியாவின் சிறந்த இலக்குக் காவலர் என்னும் பாராட்டு அவருக்குக் கிடைத்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் அவர் பங்கேற்றார். உள்நாட்டில், 1960–61 பருவத்தில் சந்தோஷ் கோப்பையை வென்ற சர்வீசஸ் அணியிலும் அவர் விளையாடினார். 1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் இந்தியா தென்கொரியாவை 2–1 என வென்று தங்கம் பெற்றபோது இலக்கைக் காத்தவர் அவரே.

1960களில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் முதலிய கொல்கத்தாக் கழகங்கள் அவரது களமாயின. 1967ஆம் ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார். ஆட்டத்திலிருந்து விலகிய பின் பயிற்சியாளராகப் பணியாற்றிய அவர், 2008ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் பொக்காரோவில் மறைந்தார்.

இம்மாற்றம் பணிசார் விளையாட்டின் எல்லையையும் காட்டுகிறது. படைப்பிரிவு ஓர் ஆட்டக்காரரை உருவாக்கியது. ஆனால் அவரது முழுப்புகழும் கொல்கத்தாவின் பெருந்திரள் பார்வையாளர் முன்னரே நிலைபெற்றது. 1958க்குப் பின் மதராஸ் ரெஜிமென்ட் மையம் டூரண்ட் கோப்பையை மீண்டும் வெல்லவில்லை. எனினும் சீருடை அணிகளின் மரபு அத்தோடு முடியவில்லை. கூர்க்கா பிரிகேடும் எல்லைப் பாதுகாப்புப் படையும் அடுத்த இரு பத்தாண்டுகளில் அக்கோப்பையை வென்றன.

முடிவுரை

தங்கராஜின் வாழ்வைக் கழக வரலாறாக மட்டும் எழுதும்போது வெல்லிங்டன் ஆண்டுகள் ஒரு முன்கதையாகச் சுருங்கிவிடுகின்றன. அவற்றை மையமாக வைத்து நோக்கினால் வேறொரு வரலாறு புலப்படுகிறது. செல்வப் பின்புலமற்ற ஓர் இளைஞர் விளையாட்டில் நீடிக்க வேண்டுமெனில் அவருக்கு முதலில் நிலையான ஊதியம் வேண்டும். அவ்வூதியத்தைத் தந்த நிறுவனமே அவரது ஆட்ட இடத்தையும் தீர்மானித்தது. தமிழ்நாட்டின் விளையாட்டு வரலாற்றை எழுத முனைவோர் கழகங்களின் வெற்றிப் பட்டியல்களோடு படைப்பிரிவுகள், காவல்துறை, இரயில்வே ஆகியவற்றின் ஆவணங்களையும் இணைத்துப் பயிலுதல் இன்றியமையாதது. தங்கராஜைப் போலக் கொல்கத்தா வரை சென்று பெயர் பெறாமல், படை அணியோடும் உள்ளூர் அணியோடும் ஆட்டத்தை முடித்துக்கொண்டோரின் வரலாற்றை அவ்வாவணங்களின் வழியே மீட்டெடுக்க முடியும்.