கல்லூரித் தேர்வும் கற்கும் முறையும்

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் வாயிலில் பெற்றோர் சிலர் வந்து நிற்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். பிள்ளை நம் பள்ளியை விட்டுச் சென்று ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆயினும், ‘அடுத்து எங்கே சேர்ப்பது?’ என்னும் வினா எழுந்தவுடன், அகரம் கற்பித்த ஆசிரியரையே அவர்கள் தேடி வருகின்றனர். இந்நம்பிக்கை நமக்குப் பெருமை தருவது. அதனினும் மிகுதியாக அச்சம் தரவேண்டியது. அஃது ஏன் என்பதை என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டே கூற விரும்புகிறேன்.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், பால்வெட்டுத் தொழிலாளியான ஒரு தாய் வண்ணப் படங்கள் நிறைந்த ஒரு கையேட்டுடன் என்னிடம் வந்தார். நகரத்துத் தனியார் கல்லூரியொன்றின் முகவர் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கூட்டம் நடத்திக் கொடுத்துச் சென்ற கையேடு அது. உயர்ந்த கட்டடம், வரிசையாகக் கணினிகள், பட்டமளிப்பு அங்கி அணிந்த இளைஞர்கள்! புரட்டிப் பார்த்த நான், “நல்ல கல்லூரியாகத்தான் தெரிகிறதம்மா, சேருங்கள்” என்றேன். அவர் கையிலிருந்த காப்பு அடகுக் கடைக்குப் போயிற்று. மகன் ஈராண்டு படித்துச் சான்றிதழும் பெற்றான். பட்டப்படிப்பிற்கு மனுச் செய்தபோதுதான் அவன் பயின்ற பாடத்திட்டம் தர அங்கீகாரம் பெறாதது என்பது தெரியவந்தது. அந்தத் தாய் என்னை வையவில்லை. “நீங்க பார்த்துச் சொன்னீங்கன்னுதான் சேர்த்தோம், ஐயா” என்று மட்டும் சொன்னார். வைதிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டங்களின் பதிவேடு அந்நாளிலேயே இருந்தது. அதனைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டடத்தைக் கண்டேன், பாடத்திட்டத்தைக் காணவில்லை. இப்பிழையை மற்ற ஆசிரியர்களும் செய்யாதிருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழிகளை அறிதல்

எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின்னர் நம் நாட்டில் வழிகள் பல. ஆறாம் படிவம் மூன்று பருவங்களைக் கொண்டது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் காலத்தது. அரசாங்கத்தின் கீழ் நடப்பதால் செலவு மிகக் குறைவு. அதன் இறுதியில் பெறும் எஸ்.டி.பி.எம். சான்றிதழை அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கின்றன. மெட்ரிகுலேசன் கல்வி பெரும்பாலும் ஓராண்டில் முடிவது. உள்நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களை முதன்மையாகக் கருதி அமைந்தது. 10 ஏ மற்றும் அதற்கு மேல் பெற்றவர்க்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேசனில் இடம் உண்டு என 2024ஆம் ஆண்டில் அரசாங்கம் அறிவித்தது.

மெட்ரிகுலேசனில் இடம் கிடைக்காதவுடன், ஆறாம் படிவம் கடினம் என்று அஞ்சி, பெரும்பணம் கேட்கும் தனியார் படிப்பிற்கு ஓடுவதே நம்மவரிடம் அடிக்கடி காணப்படும் பிழை. கடினம் என்பது உண்மையே. ஆனால் கடன்பட்டுத் தொடங்கும் படிப்பு எளிதென்று யார் சொன்னது?

தொழில்நுட்ப நாட்டமுடையோர்க்கு அரசாங்கப் போலிடெக்னிக்குகள் உள்ளன. அவற்றுள் முதலாவதான உங்கு ஓமார் போலிடெக்னிக் 1969ஆம் ஆண்டில் ஈப்போவில் தோன்றியது. ஆசிரியப் பணியை நாடுவோர்க்கு ஆசிரியர் கல்விக் கழகங்களும், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும் உள்ளன. கைத்தொழிற் பயிற்சியை இழிவாகக் கருதும் மனப்பான்மையும் நம்மிடமிருந்து நீங்க வேண்டும்.

அரசாங்கப் பல்கலைக்கழகத் தெரிவில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடும் கணக்கிடப்படுகின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிப் பேருந்தைத் தவறவிடக்கூடாது என்று மாலை நடவடிக்கைகளுக்கு நிற்பதில்லை. அந்தப் பத்து விழுக்காடு அவ்வாறே கைநழுவிப் போகின்றது. ஆதலின் கல்லூரித் தேர்வு என்பது ஐந்தாம் படிவத்திற்குப் பின்னர்த் தொடங்குவதன்று. நான்காம் படிவத்தில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தொடங்குவதாகும்.

கேட்க வேண்டிய நான்கு வினாக்கள்

தனியார் கல்லூரியை நாடுவோர் நான்கு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே பணம் கட்டுதல் வேண்டும்.

முதலாவது: இப்பாடத்திட்டம் அங்கீகாரம் பெற்றதா? கல்லூரி 1996ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருப்பது மட்டும் போதாது. அங்கீகாரம் ஒவ்வொரு பாடத்திட்டத்திற்கும் தனித்தனியே வழங்கப்படுவது. 2007ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட எம்.கியூ.ஏ. என்னும் மலேசியத் தகுதி நிறுவனம் இப்பதிவேட்டை வைத்துள்ளது. கைப்பேசியிலேயே எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். தற்காலிக அங்கீகாரம் பாடத்தைத் தொடங்குவதற்கு உரியது. முழு அங்கீகாரம், முதல் அணி மாணவர் இறுதியாண்டை எட்டும் காலத்தில் ஆராய்ந்து வழங்கப்படுவது. இவ்விரண்டின் வேறுபாட்டைப் பெற்றோர்க்கு விளக்குவது நம் கடமை.

இரண்டாவது: அத்தொழிலுக்குரிய வாரியம் இதனை ஏற்கின்றதா? மருத்துவம், தாதிமை, பொறியியல், மருந்தாளுமை, சட்டம் ஆகியவற்றிற்குத் தனித்தனி வாரியங்கள் உள்ளன. அவை ஏற்காத பட்டத்தைச் சுவரில் மாட்டலாம். தொழில் செய்ய இயலாது.

மூன்றாவது: முழுச்செலவு எவ்வளவு? கையேட்டில் காண்பது பாடக் கட்டணம் மட்டுமே. விடுதி, உணவு, பேருந்து, தேர்வு, பதிவு ஆகிய யாவற்றையும் கூட்டி, படிப்பு முடியும்வரை உள்ள மாதங்களுக்குக் கணக்கிடுதல் வேண்டும். பி.டி.பி.டி.என். தருவது கடன், நன்கொடையன்று. அது கட்டணம் முழுவதையும் ஈடுசெய்யும் என்ற உறுதியும் இல்லை. ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளையின் கல்விக்குப் பணம் எடுக்க வழியுண்டு. எனினும் அது பெற்றோரின் முதுமைக்கால உணவு என்பதை மகனும் மகளும் உணர வேண்டும்.

நான்காவது: முன்னர்ப் படித்தவர்கள் இன்று எங்கே இருக்கின்றனர்? இதனை முகவரிடம் கேட்பதில் பயனில்லை. வேலைநாள் ஒன்றில் நேரில் சென்று, இரண்டாம் ஆண்டு மாணவரிடம் கேட்க வேண்டும். நூலகத்தில் மாணவர் அமர்ந்திருக்கின்றனரா, ஆய்வுக் கூடத்தில் கருவிகள் இயங்குகின்றனவா, விரிவுரையாளர் ஆண்டுதோறும் மாறுகின்றனரா என்று காண வேண்டும்.

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் ஆசிரியராதற்குத் தகுதியில்லாதவர்க்குக் கூறிய உவமைகளுள் ஒன்று முடத்தெங்கு. ஒருவர் நீரூற்றி வளர்க்க, வளைந்து சென்று அயலாருக்குக் காயைத் தரும் தென்னை அது. தாய் நீரூற்ற, முகவர்க்குக் காய் விழும் கல்லூரிகளுக்கும் அவ்வுவமை நன்கு பொருந்தும்.

கற்கும் முறை

நல்ல கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் பாதிப் பணியே முடிந்ததாகும். உள்ளே சென்றவர் எவ்வாறு கற்பது என்பதற்கும் நன்னூலே வழிகாட்டுகின்றது. ஆசிரியர் உரைப்பதைச் செம்மையாகக் கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது கல்வியில் காற்பங்கே. உடன்பயில்வாரோடு கூடிப் பயில்வதால் மற்றுமொரு காற்பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு என்பது அந்நூல் கூறும் கணக்கு.

இக்கணக்கின் உண்மையை நான் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கண்டேன். உளவியல் விரிவுரையைக் கேட்டபொழுது எல்லாம் விளங்கியதாகவே தோன்றியது. இரவில் விடுதி நண்பர்களோடு அமர்ந்து பேசியபோதுதான் எனக்கு விளங்காதவை எவை என்பது விளங்கிற்று. பயிற்றுப்பணியில் மூன்றாம் ஆண்டுக் குழந்தைகளின் முன் நின்ற முதல் நாளில், மனப்பாடம் செய்த குறிப்புகள் யாவும் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டன. உண்மையான கல்வி அங்குதான் தொடங்கியது.

ஆதலின் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லத்தக்கவை இவை: விரிவுரை முடிந்த அன்றே குறிப்பை மீண்டும் எழுதுக. விளங்காததைக் கேட்க விரிவுரையாளர் அறைக்குச் செல்லத் தயங்கற்க. நம் பிள்ளைகளுக்குப் பெருந்தடை அறிவுக் குறைவன்று, இத்தயக்கமே. பிற இனத்து மாணவரோடும் சேர்ந்து பயில்க; மொழித்திறமும் நட்பும் ஒருங்கே வளரும். முதலாண்டு மாணவர் ஒருவர்க்கேனும் பாடம் சொல்லிக் கொடுக்க. விடுமுறையில் தோட்டத்திற்கு வரும்போது பள்ளிச் சிறுவரை அழைத்து ஒரு மணி நேரம் கணக்கோ அறிவியலோ கற்பிக்க. அச்சிறுவர் பெறும் நன்மை ஒருபுறம் இருக்க, கற்பிப்பவர் பெறுவது அரைப்பங்குக் கல்வியன்றோ!

முடிவுரை

மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கிப் பின்னர்க் கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. அத்துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்க, தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டினார். தொழிலாளர் பலர் ஆளுக்கொரு வெள்ளி அளித்தனர். தாம் நுழைய முடியாத நூலகத்திற்குத் தம் கூலியிலிருந்து கொடுத்தவர்கள் அவர்கள்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப் பிள்ளைகளும் இன்று நம்மிடம் வந்து, எக்கல்லூரி நல்லது என்று கேட்கின்றனர். அவ்வினாவிற்குக் கையேட்டைப் புரட்டி விடை கூறுதல் தகாது. பதிவேட்டைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை ஒருமுறை செலவிடத் தவறிய காரணத்தால், மீட்கப்படாத காப்பு ஒன்று இன்றும் என் நினைவில் இருக்கின்றது.