பள்ளத்தாக்கைக் காணப் புறப்படுமுன்

அமெரிக்காவில் வாழும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோரை, அங்குள்ள கிராண்ட் கேன்யன், பிரைஸ் கேன்யன், ராக்கி மலைத்தொடர் போன்ற இடங்களுக்கு அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. "எனக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், நான் போகலாமா?" என்று நோயாளிகள் எங்களிடம் கேட்பதுண்டு. நோய் கட்டுப்பாட்டில் உள்ள பலருக்கும் எங்கள் விடை, "போகலாம், ஆனால் உயரத்தை அறிந்து, படிப்படியாகப் போக வேண்டும்" என்பதே.

பள்ளத்தாக்கு என்றதும் தாழ்வான இடம் என்றே மனம் எண்ணுகிறது. உண்மையில் கிராண்ட் கேன்யன், உயர்ந்த பீடபூமியை ஆறு அறுத்து உண்டாக்கிய பிளவு. பயணிகள் நின்று பார்க்கும் தெற்கு விளிம்பு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அது நம் கொடைக்கானலின் உயரம். பிரைஸ் கேன்யன் விளிம்பு 2,400 மீட்டரில் தொடங்கி 2,700 மீட்டருக்கு மேலும் செல்கிறது. காரில் அமர்ந்தபடியே சென்று சேர்வதால், மேலே ஏறிவிட்டோம் என்ற உணர்வே பலருக்கு எழுவதில்லை.

காற்றில் ஆக்சிஜனின் விகிதம் எங்கும் ஒன்றே. ஆயினும் உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. தெற்கு விளிம்பில் அது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறையும். ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் டிரெயில் ரிட்ஜ் சாலை 3,713 மீட்டர் வரை ஏறுகிறது. அங்கே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். இதை ஈடுசெய்ய இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வேகமடைகிறது. கொடைக்கானலிலோ ஊட்டியிலோ உங்களுக்கு மூச்சிரைப்பு, மார்வலி, தலைவலி ஏற்பட்டதுண்டா என்பதை நினைவுகூர்ந்து மருத்துவரிடம் கூறுங்கள். அது அவருக்குப் பயனுள்ள செய்தி.

பயணத் திட்டத்தில் முதன்மையானது, இரவு எங்கே உறங்குகிறோம் என்பது. உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல் உறங்குவோரையே தாக்குகிறது; சிலருக்கு அதற்குக் கீழும் வரலாம். ஆகவே தாழ்ந்த இடத்தில் தொடங்குங்கள். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்திலுள்ள சையான் பள்ளத்தாக்கில் ஓரிரு இரவுகள் தங்கியபின் பிரைஸுக்குச் செல்லலாம். அங்கும் பகலில் விளிம்பைக் கண்டு, இரவில் கீழே 1,900 மீட்டர் அளவிலுள்ள டிராபிக் என்னும் சிற்றூரில் உறங்கலாம். ராக்கி மலைக்குச் செல்வோர், 1,600 மீட்டரிலுள்ள டென்வரில் ஓரிரு இரவுகள், பின்னர் 2,300 மீட்டர் அளவிலுள்ள எஸ்டஸ் பார்க் எனத் தங்கி, உச்சிச் சாலைக்குப் பகலில் மட்டும் சென்று திரும்புவது நலம்.

கிராண்ட் கேன்யனில் மற்றோர் இடர் உண்டு. மலையில் களைப்பு வந்தால் இறங்கிவிடலாம். இங்கோ இறக்கம் முதலில், ஏற்றம் பின்னர். இறங்கிய நேரத்தைப்போல் இருமடங்கு நேரம் ஏறுவதற்குத் தேவைப்படும். கோடையில் அடிப்பகுதியின் வெப்பம் 40 டிகிரி செல்சியசையும் தாண்டும். இதய, நுரையீரல் நோயாளிகள் விளிம்போடு நிறைவு கொள்வதே நன்று. அங்கே தளமிட்ட நடைபாதையும் கட்டணமில்லாப் பேருந்துகளும் உள்ளன. பள்ளத்தாக்கின் முழு விரிவையும் விளிம்பிலிருந்தே காணலாம்.

மருந்துகளை அவற்றின் உறையோடும், ஆங்கில மருந்துச்சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் விட்டுச்செல்லவும் கூடாது, உறையவிடவும் கூடாது. உலர்ந்த காற்றில் உடல்நீர் விரைவில் குறையும். ஆயினும் இதயச் செயலிழப்பு அல்லது சிறுநீரக நோய் உள்ளோர் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை முன்பே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை மேலும் தளர்த்தும். உயர நோயைத் தடுக்கும் மாத்திரையைத் தாமாக வாங்கி உண்ணலாகாது. சல்பா ஒவ்வாமை இருந்தால் தவறாது தெரிவியுங்கள்.

உடன் செல்வோர் அறியவேண்டிய அறிகுறிகள் சில. தலைவலியோடு குமட்டலும் சோர்வும் தோன்றினால் மேலும் ஏறாதீர்கள், குறையாவிடில் இறங்குங்கள். ஓய்விலும் மூச்சுத்திணறல், தடுமாறும் நடை, மனக்குழப்பம் ஆகியவை தோன்றினால் உடனே கீழே அழைத்துச் சென்று 911 எண்ணை அழையுங்கள். மார்வலி என்றால், அசையாமல் அமரச் செய்து அதே எண்ணை அழையுங்கள். பூங்காக்களில் பல இடங்களில் கைபேசித் தொடர்பு கிட்டாது என்பதால், மருந்துப் பட்டியலையும் நோய் விவரத்தையும் தாளில் எழுதி வைத்திருங்கள்.

அண்மையில் மாரடைப்போ இதய அறுவைச் சிகிச்சையோ நேர்ந்தவர்களும், நாட்பட்ட நுரையீரல் நோய், கடும் இரத்தசோகை உள்ளவர்களும் பயணச்சீட்டு வாங்குமுன் எங்களிடம் வாருங்கள். வரும்போது, எந்த நாளில் எந்த ஊரில் உறக்கம், அதன் உயரம் எவ்வளவு என்று பிள்ளைகளைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வாருங்கள். அத்தாளை முன்வைத்து, எங்கே தங்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று உங்களோடு அமர்ந்து முடிவு செய்வோம்.