மறுசீரமைத்த எஞ்சினைப் பழக்குதலும் பூச்சிட்ட ஹெடர்களும்

எஞ்சின் பழக்குதல் என்பது புதிய எஞ்சினையோ, பிரித்து மறுசீரமைத்த எஞ்சினையோ அதன் உராயும் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்திப் படியும்வரை கட்டுப்பாட்டுடன் ஓட்டும் முறை ஆகும். பணிமனைகளில் இது 'ரன்னிங் இன்' என வழங்கப்படுகிறது. எஞ்சினில் பூச்சிட்ட ஹெடர்கள் பொருத்தப்பட்டிருந்தால் இதில் ஒரு சிக்கல் எழுகிறது. கேம்ஷாஃப்ட்டைக் காக்கும் முதல் ஓட்டமே ஹெடரின் பூச்சைக் கெடுத்துவிடக்கூடும். அமெரிக்காவில் 1955-இல் அறிமுகமாகி, இன்றும் பெருமளவில் மறுசீரமைக்கப்படும் ஷெவர்லே சிறு பிளாக் வி8 எஞ்சினைக் கொண்டு இதைத் தெளிவாக விளக்கலாம்.

கேம்ஷாஃப்ட்டின் தேவை

பழைய சிறு பிளாக் எஞ்சின்களில் தட்டை அடி டேப்பட்டுகள் உள்ளன. கேமின் முகடு மிகச் சிறிய சரிவுடனும், டேப்பட்டின் அடிப்பகுதி மிகச் சிறிய குவிவுடனும் கடையப்பட்டிருக்கும். இதனால் டேப்பட் மேலும் கீழும் செல்லும்போதே தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. இந்தச் சுழற்சி நின்றால் ஒரே இடத்தில் உராய்ந்து முகடு தேய்ந்துவிடும். அப்போது உதிரும் இரும்புத்துகள் எண்ணெயுடன் எஞ்சின் முழுவதும் பரவி, மறுசீரமைப்பையே வீணாக்கும்.

கேம்ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மேலே அமைந்துள்ளது. கிராங்க் சுழலும்போது தெறிக்கும் எண்ணெயே கேம் முகடுகளுக்கு முதன்மையான உயவு. ஐடிலிங் வேகத்தில் இந்தத் தெறிப்பு போதாது. எனவே எஞ்சின் உயிர்பெற்றவுடன் வேகத்தை நிமிடத்திற்கு 2000 முதல் 2500 சுற்றுகளுக்கு உயர்த்தி, சற்றே கூட்டிக் குறைத்து, 20 முதல் 30 நிமிடங்கள் ஓட்ட வேண்டும். உருளை டேப்பட் கொண்ட எஞ்சின்களுக்கு இந்த ஓட்டம் தேவையில்லை.

ஹெடரும் அதன் பூச்சும்

ஹெடர் என்பது ஒவ்வொரு சிலிண்டரின் புகையையும் தனிக் குழாயில் கொண்டுவந்து, பின்னர் ஒன்றாகச் சேர்க்கும் அமைப்பு. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை விட இதன் எஃகுக் குழாய்கள் மிக மெல்லியவை. துருவைத் தடுக்கவும், பானட்டுக்கு அடியில் வெப்பம் பரவாமல் காக்கவும் இவற்றின்மேல் பீங்கானும் அலுமினியமும் கலந்த பூச்சு இடப்படுகிறது. வெள்ளிபோல் மின்னும் பரவலான வகை, ஏறக்குறைய 700 பாகை செல்சியசு வரைதான் தாங்கும். பகல் வெளிச்சத்தில் குழாய் சிவந்து தெரிந்தால் அந்த எல்லை ஏறக்குறைய எட்டப்பட்டுவிட்டது என்று பொருள். அதைக் கடந்தால் பூச்சு மங்கி, உரிந்து, அடியிலுள்ள எஃகு துருப்பிடிக்கும்.

வெப்பம் மிகுவதற்கான காரணங்கள்

முதல் ஓட்டத்தின்போது ஹெடர் சிவப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, தாமதமான பற்றவைப்பு. தீப்பொறி பிந்தினால் எரிதல் முடிவதற்குள் புகை வால்வு திறந்துவிடும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம் குழாய்க்குள் போய்விடும். டிஸ்ட்ரிபியூட்டரின் வெற்றிடக் குழாயைக் கழற்றி வைத்தாலும் சுமையற்ற ஓட்டத்தில் பற்றவைப்பு பிந்தி இதே விளைவு உண்டாகும்.

இரண்டாவது, எரிபொருள் குறைந்த கலவை. இது மெதுவாக எரிவதால் புகை வால்வு திறக்கும்போதும் எரிதல் நீடிக்கிறது. கார்புரேட்டர் சரிசெய்யப்படாததும், இன்டேக் பக்கக் காற்றுக் கசிவும் இதற்குக் காரணமாகும்.

புதிய எஞ்சினில் இவ்விரண்டும் இன்னும் சரிபார்க்கப்படாதவை. காரும் நின்ற இடத்திலேயே இருப்பதால் ஹெடரைக் குளிர்விக்க எதிர்க்காற்றும் இல்லை.

முன்னேற்பாடுகள்

பாதுகாப்பான வழி, பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டையோ பூச்சில்லாத பழைய ஹெடரையோ பூட்டி முதல் ஓட்டத்தை முடிப்பது. பிறகு பூச்சிட்ட ஹெடரை மாட்டலாம். அதற்கு வாய்ப்பில்லாதபோது கீழ்க்கண்டவை தேவை:

• டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, துளைக்கருவியால் எண்ணெய் பம்பைச் சுழற்றி, எஞ்சின் முழுவதும் எண்ணெய் ஏறச் செய்தல்.
• முகடுகளில் பழக்குதலுக்கான பசையைத் தடவி, துத்தநாகச் சேர்மம் மிகுந்த எண்ணெயை ஊற்றுதல். 2004 முதல் கார்களுக்கான பல எண்ணெய்களில், வினையூக்கி மாற்றியைக் காப்பதற்காக இச்சேர்மம் குறைக்கப்பட்டுள்ளது.
• முதல் சிலிண்டரின் மேல் நிலைக்கு 10 முதல் 12 பாகை முன்பாகப் பற்றவைப்பை அமைத்தல்.
• கார்புரேட்டர் கிண்ணத்தை முன்பே நிரப்புதல். ஸ்டார்ட்டரை நீண்ட நேரம் சுழற்றினால் முகட்டில் தடவிய பசை வழிந்துவிடும்.
• ஹெடரில் படிந்த எண்ணெயையும் கைரேகையையும் துடைத்தல். இல்லையேல் அவை கருகி நிலையான கறையாகிவிடும்.
• ரேடியேட்டருக்கு முன்னும் ஹெடர்களின் பக்கமும் பெரிய மின்விசிறிகளை வைத்தல்.

முதல் ஓட்டம்

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எண்ணெய் அழுத்தத்தை முதலில் பார்க்க வேண்டும். அடுத்து டைமிங் விளக்கால் பற்றவைப்பைச் சரிபார்க்க வேண்டும். வெற்றிடக் குழாயின்றி 2500 சுற்றுகளில் இது ஏறத்தாழ 30 பாகை முன்னகர்ந்திருக்கலாம்.

ஹெடர் சிவக்கத் தொடங்கினால் பலரும் உடனே வேகத்தைக் குறைத்து ஐடிலிங்கில் விடுகின்றனர். இது பூச்சைக் காக்க எண்ணிக் கேமைக் கெடுக்கும் செயல். உடனடியாகப் பற்றவைப்பை முன்னகர்த்திப் பார்க்கலாம். பயனில்லையெனில் எஞ்சினை முழுவதுமாக நிறுத்திவிட வேண்டும். குறையைச் சரிசெய்து, ஆறிய பின் மீண்டும் உயிர்ப்பித்து எஞ்சிய நிமிடங்களைத் தொடரலாம். நிறுத்துவதால் கேமுக்குத் தீங்கில்லை.

சாலையில் பழக்குதல்

ஓட்டம் முடிந்ததும் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, ஃபில்டரை வெட்டித் துகள்கள் உள்ளனவா எனப் பார்ப்பர். எஞ்சின் ஆறியபின் ஹெடர் போல்ட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும். இதற்குப் பின் பிஸ்டன் ரிங்குகள் படிய வேண்டும். எரிவாயுவின் அழுத்தமே ரிங்கைச் சிலிண்டர் சுவரோடு அழுத்துவதால், சுமையின்றி நின்ற இடத்தில் ஓட்டினால் அவை சரியாகப் படியாது. மிதமாக வேகம் கூட்டி, ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறையவிட்டு, இதைப் பலமுறை செய்ய வேண்டும். முதல் 800 கிலோமீட்டர் வரை ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவதைத் தவிர்ப்பது நல்லது.