உங்களுக்குத் தெரியுமா? – கல்லில் விளையாடிய மிரோ

கோணல் கண், ஒற்றைக் கால், தலையில் மூன்றே மூன்று முடி, பக்கத்தில் ஒரு விண்மீன். ஸ்பெயின் ஓவியர் ஜோவான் மிரோவின் (1893–1983) லித்தோ படங்களைப் பார்த்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் சிலேட்டு ஞாபகம் வரும். அப்படி விளையாட்டாகத் தெரியும் லித்தோ படங்களை அவர் 1,000-க்கும் மேல் செய்திருக்கிறார்!

'லித்தோ' என்றால் கல். வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மைக்கட்டியால் வரைவார்கள். பிசினும் துளி அமிலமும் பூசிப் பதப்படுத்தி, கல்லை நனைத்து, மை உருளையை ஓட்டினால் மை கோட்டில் மட்டும் ஒட்டும். ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற சமையலறைச் செய்திதான் மொத்த வித்தையும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும். சிவகாசி அச்சகங்கள் சிலவற்றின் பெயரில் 'லித்தோ' ஒட்டிக்கொண்டிருப்பது இந்தக் கல்லின் நினைவாகத்தான்.

இந்த முறையை 1790-களில் கண்டுபிடித்த அலோய்ஸ் செனஃபெல்டர் ஒரு நாடக ஆசிரியர். தன் நாடகங்களைச் செலவில்லாமல் அச்சிட வழி தேடியவர். அம்மா சொன்ன சலவைக் கணக்கை எழுதத் தாள் கிடைக்காமல், கையருகில் இருந்த கல்லில் குறித்துவைத்தாராம். பொறி தட்டியது அங்கேதான் என்று அவரே எழுதியிருக்கிறார்.

மிரோவும் இளவயதில் கணக்கு எழுதியவர்தான். வீட்டாரின் வற்புறுத்தலால் பார்சிலோனாவில் குமாஸ்தா வேலைக்குப் போனார். மனமும் உடலும் நொறுங்கிப் படுத்தார். உடல் தேற மோன்ட்ரோய்க் கிராமத்துக்குப் போனவர் ஓவியராகத் திரும்பினார்.

அவரது முதல் லித்தோக்கள் 1930-இல் த்ரிஸ்தான் த்சாராவின் கவிதை நூலுக்காக வந்தவை. ஆனால் என் கண்ணில் உச்சம், 1944-இல் வெளிவந்த 'பார்சிலோனா' தொகுதி. 50 படங்கள், எல்லாம் கறுப்பு வெள்ளை. உள்நாட்டுப் போர் முடிந்து ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் பிடியில் இருந்த காலம். பல்லை இளித்து நாக்கை நீட்டும் பூதங்கள், மிரண்டுபோன குட்டி மனிதர்கள், நடுவே பறவையும் விண்மீனும்! முதலில் சிரிப்பு வரும். அடுத்த கணம் வயிற்றைப் பிசையும். நேரே கல்லில் வரையாமல் மாற்றுத்தாளில் வரைந்து, பிறகு கல்லுக்கு ஏற்றினார். அதனால் சாதாரண லித்தோவைப் போல இடவலம் மாறாமல், வரைந்தபடியே படம் விழுந்தது. மொத்தம் அச்சானவை 7 பிரதிகள்தான். வெளியிட்டவர் பெரிய பதிப்பாளரும் இல்லை. தொப்பிக் கடை வைத்திருந்த நண்பர் ஜோவான் பிராட்ஸ்.

பத்தே ஆண்டுகளில், 1954-இல், வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சி அச்சுக்கலைக்கான பெரும் பரிசை மிரோவுக்குக் கொடுத்தது.

1982 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு விளம்பரத்தாள் வரைய ஸ்பெயின் அழைத்த ஓவியரும் அவரே. 90-ஐ நெருங்கிய கை வரைந்த அந்த விளம்பரத்தாள் உலகமெங்கும் ஒட்டப்பட்டது. ஸ்பெயின் சுற்றுலாச் சின்னத்தில் சிரிக்கும் சூரியனும் அவர் வரைந்ததுதான்.

பார்சிலோனா போகிறவர்கள் மோன்ட்யூயிக் குன்றில் உள்ள மிரோ அருங்காட்சியகத்துக்கு அரைநாள் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.