பழைய டாஸின் கண்ணில் படாத பெயர்கள்

'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரின் பெயர் விண்டோஸில் சில இடங்களில் முதல் ஆறு எழுத்தோடு வெட்டுப்பட்டு, வாலில் ஓர் அலைக்கோடும் 1-ம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு அப்படி இன்னொரு பெயர் வந்த கதை, கணினி உலகின் அழகான தந்திரங்களில் ஒன்று.

எம்எஸ்-டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்தில் கோப்பின் பெயருக்கு 8 எழுத்து, புள்ளிக்குப் பின் 3 எழுத்து, அவ்வளவுதான் இடம். 1995-இல் வந்த விண்டோஸ் 95, பெயரை 255 எழுத்து வரை நீட்டலாம் என்றது. ஆனால் அதே ஃப்ளாப்பியைப் பழைய டாஸ் கணினியில் செருகினாலும் கோப்பு திறக்க வேண்டுமே! உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த டாஸில் ஒரு வரியைக்கூட இனி மாற்ற முடியாது.

டிஸ்கில் உள்ள கோப்புப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் சரியாக 32 பைட். ஒரு பைட் என்பது ஓர் ஆங்கில எழுத்து அடங்கும் இடம். ரயில் முன்பதிவுப் படிவம்போல, எந்தக் கட்டத்தில் எது என்பது முன்பே முடிவானது. 12-ஆவது பைட்டில் கோப்பின் இயல்பு இருக்கும்: படிக்க மட்டும் என்றால் 1, மறைவானது 2, சிஸ்டம் கோப்பு 4, டிஸ்கின் பெயர் 8. நான்கும் சேர்ந்த 15 எந்த உண்மையான கோப்புக்கும் வராது. கோப்பு தேடும் டாஸ் அப்படியொரு வரியைக் கண்டால் தாண்டிப் போய்விடும். எனவே டாஸுக்காக, அலைக்கோடு ஒட்டிய வெட்டுப்பட்ட குட்டைப் பெயரை வழக்கமான வரியில் வைத்துவிட்டு, அந்த 15 எண் வரிகளில்தான் நீளப் பெயரை ஒளித்துவைத்தார்கள்.

ஒளித்த விதம் இன்னும் அழகு. 12-ஆவது பைட்டில் 15 இருந்தே ஆக வேண்டும். கோப்பு டிஸ்கில் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் கட்டத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும். ஆகவே எழுத்துகள் இவற்றுக்கு வழிவிட்டு 5, 6, 2 என மூன்று துண்டாக உட்கார்ந்தன. வரிக்கு 13 எழுத்து. பெயர் நீண்டால் வரிகள் கூடும். அவை குட்டைப் பெயரின் வரிக்கு மேலே, பெயரின் கடைசிப் பகுதி முதலாகத் தலைகீழாக அடுக்கப்படும்.

எழுத்துக்கு 2 பைட் ஒதுக்கியதால் யூனிகோடு தமிழும் உள்ளே வந்தது. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் 'அக்காகல்யாணம்' என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். புள்ளியும் துணைக்காலும் தனித்தனி இடம் கேட்கும். எண்ணினால் 13; ஒரே வரியில் கச்சிதமாக அடங்கிவிடும்!

டாஸில் யாராவது குட்டைப் பெயரை மாற்றிவிட்டால்? நீளப் பெயர் பழையபடியே கிடக்குமே. அதற்கும் ஏற்பாடு உண்டு. குட்டைப் பெயரின் 11 எழுத்துகளையும் சுழற்றிக் கூட்டிய சரிபார்ப்பு எண் (செக்சம்), நீளப் பெயரின் ஒவ்வொரு வரியிலும் ஒரு பைட்டாகப் பதிவாகிறது. விண்டோஸுக்குத் திரும்பியதும் எண் பொருந்தாது. அனாதையாகிப்போன நீளப் பெயர் கைவிடப்படும்.

டாஸ் ஏமாந்தது, டிஸ்கைப் பழுதுபார்க்கும் பழைய நிரல்கள் ஏமாறவில்லை. அவை இந்த விசித்திர வரிகளைக் குப்பை என்று கூட்டித் தள்ளிவிடும். அதனால் விண்டோஸ் 95 சிடியிலேயே எல்எஃப்என்பிகே என்ற சின்ன நிரல் வந்தது. அது நீளப் பெயர்களையெல்லாம் ஒரு கோப்பில் எழுதிவைத்துக்கொண்டு, டிஸ்கைப் பழைய நிலைக்கு இறக்கும். பழுதுபார்த்து முடிந்ததும் ஒவ்வொரு பெயரையும் அதனதன் கோப்பில் திருப்பி ஒட்டும். இடையில் ஃபோல்டர் அமைப்பு மட்டும் மாறியிருக்கக் கூடாது.